மட்கார்டு இல்லாத வண்டி

கூத்தாநல்லூரில் எங்கள் அத்தா வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். ‘சின்னச் சிங்கப்பூர்’ என்று பெயரெடுத்த ஊர் அது. பெரிய சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் சென்ட் மணக்க மணக்க வந்து, மணிக்கு 50 காசு கொடுத்து வண்டி எடுத்துக்கொண்டு உறவினர் வீடுகளைச் சுற்றி வருவார்கள். மொத்தம் 18 வண்டிகள். ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். ஆண்டுக்கொரு முறை அத்தனையையும் அத்தா ‘ஓவராயில்’ செய்வார். கப்பு, கோன், பால்ரஸ் எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துக் கிரீஸ் வைத்துப் பூட்டும் அந்த வேலை மழைக்காலத்தில் ஒரு வாரம் நடக்கும். தட்டில் உருளும் பால்ரஸ்களை எண்ணி அடுக்குவது சிறுவனாயிருந்த என் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் அன்று சோறு இறங்காது.

அந்த அத்தா 2023ஆம் ஆண்டு, தம் 76ஆம் வயதில், எங்களைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்தார். யீஷூனில் எங்கள் வீவக வீட்டின் கூடத்தில், புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் இடையே சாத்தியிருந்த என் மலைச் சைக்கிளைக் கண்டதும், பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கேட்ட முதற்கேள்வி, “மட்கார்டு எங்கே?” என்பது. இரண்டாவது, “ஸ்டாண்டு?” மூன்றாவதாக வந்த கேள்விதான் நான் அஞ்சிக்கொண்டிருந்தது.

“என்ன விலை தம்பி?”

“தொள்ளாயிரம் வெள்ளி அத்தா” என்றேன். அது உண்மை விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதற்கே அவர் மனத்துக்குள் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு, “அம்பத்தஞ்சாயிரமா? மோட்டார் சைக்கிளே வாங்கிடலாமே!” என்று வியந்தார். நான் அவருக்குக் காப்பி கொண்டுவருவதற்காக அடுக்களைப் பக்கம் போய்விட்டேன்.

இந்தப் பித்து என்னைப் பிடித்தது 2016இல். நாற்பதை நெருங்கும் வயது. கணக்கெழுதும் நாற்காலி உத்தியோகம். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் மருத்துவர். அலுவலக நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் புக்கிட் தீமாவுக்கு அழைத்துப்போனார். 163 மீட்டர் உயரமுள்ள அதை மலை என்று சொன்னால் நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதன் அடிவாரக் காட்டைச் சுற்றி மிதிவண்டிகளுக்கென்று விடப்பட்டிருக்கும் தடம், ஏறக்குறைய 6 கிலோமீட்டர், சிரிப்பை நிறுத்திவிடும். பாதையின் குறுக்கே மரவேர்கள் பாம்புகளாகக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் களிமண் சோப்பாகிவிடும். இரவல் வண்டியில் நான்கு முறை விழுந்தேன். வீடு திரும்பியபோது முழங்கையில் இரத்தமும் முகத்தில் சிரிப்புமாக நான் நின்ற கோலத்தைக் கண்டு, “ஏங்க, புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று மனைவி கேட்டாள். அந்த ஐயம் அவளுக்கு இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

அதற்கடுத்த மாதம் பழைய வண்டி ஒன்றை 450 வெள்ளிக்கு வாங்கினேன். 26 அங்குலச் சக்கரம், முன்னே மூன்றும் பின்னே ஒன்பதுமாகப் பற்சக்கரங்கள், 14 கிலோ எடை. வண்டியில் குறையொன்றுமில்லை, குறை என்னிடத்தில். இரண்டே மாதத்தில் முன் போர்க் மட்டம் என்று தோன்றியது, மாற்றினேன். பிறகு சக்கரங்கள், பிறகு ஹேண்டில்பார், பிறகு கிராங்க். மூன்று ஆண்டுகளில் வண்டியின் விலையைப்போல் மும்மடங்கு அதற்குள் இறக்கிவிட்டேன். சந்தையோ அதற்குள் வேறு திக்கில் நகர்ந்திருந்தது. பழைய சட்டங்களில் போர்க்கின் கழுத்துக்குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். புதியவற்றில் அடிப்பக்கம் பருத்திருக்கிறது. பழைய பின்னச்சின் அகலம் 135 மில்லிமீட்டர். பிறகு 142 ஆயிற்று. 2015ஐ ஒட்டி 148 வந்தது. சக்கரமே 26 அங்குலத்திலிருந்து 27.5க்கும் 29க்கும் வளர்ந்துவிட்டது. 2019இல் நான் புதுச் சட்டத்துக்கு மாற நினைத்தபோது, பழைய வண்டியிலிருந்து கூட வந்தவை சீட்டும் கைப்பிடி ரப்பரும் மிதிகளும் மட்டுமே. மற்றவற்றையெல்லாம் விற்றுக் கிடைத்த தொகையை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. பழைய வண்டிக்குப் புது உறுப்பு வாங்க எண்ணுகிறவர்கள், அது நாளை அடுத்த வண்டிக்கும் பொருந்துமா என்று ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுக் காசை எடுப்பது நல்லது. நான் அளக்கவில்லை.

இரண்டாம் வண்டியைத் தேர்ந்தெடுக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். நான் இறங்க நினைத்தது எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை வீரர்களுக்கான பந்தயம். ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் ‘ஜாம்போரி’ என்ற பெயரில் நடப்பவை அவை. முப்பது, நாற்பது கிலோமீட்டர் தோட்டப் பாதை, நூற்றுக்கணக்கில் ஆட்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப்பிரிவு, முடிவில் கோழிச்சோறும் குலுக்கல் பரிசும். அதற்குப் பின்புறமும் ஸ்பிரிங் வைத்த வண்டி வேண்டுமா, முன்புறம் மட்டும் போதுமா என்பது முதல் வழக்கு. பின்னே ஸ்பிரிங் உள்ளது வேர்களின்மேல் உடம்பை நோகவிடாது என்பது உண்மை. ஆனால் அதே தரத்து உறுப்புகளோடு வாங்கினால் விலை வெகுவாக ஏறும், எடையும் கூடும். இந்த ஈரமண்ணில் அதன் மூட்டுகளிலுள்ள பேரிங்குகளைக் கழற்றிக் கழுவும் வேலையும் சேர்ந்துகொள்ளும். முன்னே மட்டும் 100 மில்லிமீட்டர் அசைவுள்ள போர்க் என்று முடிவு செய்தேன். சட்டம் கார்பன் இழையா, அலுமினியமா என்பது அடுத்த வழக்கு. கையிலிருந்த பணத்துக்கு, மட்டமான உறுப்புகள் தொங்கும் கார்பன் சட்டமோ, நல்ல உறுப்புகள் பூட்டிய அலுமினியச் சட்டமோதான் கிடைக்கும். கலிபோர்னியாவில் வண்டி கட்டிய கீத் போன்ட்ரேகர் என்பவரின் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு உண்டு: வலிமை, இலேசு, மலிவு ஆகிய மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். நான் இலேசை விட்டேன். அப்போது விட்டேன்.

அளவுதான் எல்லாவற்றிலும் பெரிது என்பதையும் அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டேன். போர்க்கை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம், சட்டத்தின் நீளத்தை மாற்ற முடியாது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள எனக்குக் கடைக்காரர் ஒருவர் கையிருப்பிலிருந்த பெரிய அளவைத் தலையில் கட்டப் பார்த்தார். சீட்டைத் தாழ்த்திக்கொள்ளலாம் என்றார். சீட்டைத் தாழ்த்தலாம், கையை நீட்டி வளர்க்க முடியுமா? நடுத்தர அளவு வரும்வரை காத்திருந்து 2,900 வெள்ளிக்கு வாங்கினேன். அடுத்த ஆண்டு கொரோனாக் காலத்தில் உலகமெங்கும் சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் பஞ்சம் வந்தபோது, முந்திக்கொண்டோம் என்று மகிழ்ந்தேன்.

அத்தா இந்த வண்டியை மூன்று நாள் தொடவில்லை. நான்காம் நாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து பின் பற்சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பன்னெண்டு இருக்கே! பெரிசுல எத்தனை பல்லு?”

“ஐம்பத்தொண்ணு அத்தா. முன்னாடி முப்பத்திரண்டு.”

“முன்னாடியைவிடப் பின்னாடி பெரிசா?” என்று அவர் சிரித்தார். அவருடைய 18 வண்டிகளிலும் முன்னே 44 பல், பின்னே 18. ஒரு மிதிக்கு வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். என் வண்டி அந்த 51 பல்லில் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராது. நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டர். நடப்பதைவிடச் சற்றே வேகம். ஆனால் நடந்தே ஏறமுடியாத சரளை மேட்டில் உட்கார்ந்தபடியே ஏறலாம். இதை நான் விளக்கியபோது அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார்.

டயரில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “காத்து இறங்கிக் கிடக்கு, பம்பைக் கொண்டா” என்றார். முன்னே 20, பின்னே 22 பவுண்டு அழுத்தம் வேண்டுமென்றே வைத்தது என்றேன். அவர் நம்பவில்லை. கல்லைப்போல் இறுக அடித்தால்தான் வண்டி ஓடும் என்பது அவர் வாழ்நாள் பாடம். தார்ச்சாலைக்கு அது பொருந்தும். கல்லும் வேரும் உள்ள தடத்தில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் எம்பிக் குதிக்கும். குதிப்பதில் வேகம் வீணாகும். மெத்தென்ற டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டுபோகும், மண்ணையும் பற்றும். டியூப் இருந்தால் இத்தனை குறைவான காற்றில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அது நசுங்கிக் கிழியும். அதனால் டியூபையே எடுத்துவிட்டு உள்ளே பால்போன்ற ரப்பர்த் திரவம் ஊற்றியிருக்கிறோம்; முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மீண்டும் ஊற்றவேண்டும். “அப்ப பஞ்சர் கடைக்காரன் என்ன செய்வான்?” என்று மட்டும் கேட்டார் அத்தா. அதற்கு என்னிடம் பதிலில்லை. முதன்முதலில் எதை மாற்றுவது என்று கேட்கிறவர்களிடம் நான் இன்றும் டயரைத்தான் சொல்கிறேன். நூறு, நூற்றைம்பது வெள்ளியில் வண்டியின் குணமே மாறும் வேறு மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதையை ஒருநாள் இரவு அவருக்குச் சொன்னேன். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்த கனத்த பழைய வண்டிகளைத் தூசி தட்டி எடுத்து, மலையுச்சியிலிருந்து மண்பாதையில் பந்தயம் விட்டார்கள். 1976 அக்டோபர் 21இல் முதல் பந்தயம். ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். அந்த வண்டிகளுக்குப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். அது ஹப்புக்குள்ளேயே இருக்கும். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்துக் கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டியிருந்ததால், ‘மறுபடி அடைப்பது’ என்ற பொருளில் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் அதற்கென்றே புதுச் சட்டம் கட்டினார். இருபது ஆண்டு கழித்து, 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாயிற்று. அத்தாவுக்கு ஒலிம்பிக் பெரிதாகப் படவில்லை. “பின்னாடி மிதிச்சா நிக்கிற பிரேக்கா? மலாயாக்காரர் ஒருத்தர் அப்படி ஒண்ணு கொண்டாந்திருந்தாரு. நான்தான் பிரிச்சேன். திரும்பப் பூட்ட ரெண்டு நாளாச்சு” என்று உற்சாகமாகிவிட்டார். என் வண்டியின் எண்ணெய் பிரேக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலில் சக்கரம் நிற்பதை நெடுநேரம் இரசித்துக்கொண்டிருந்தார்.

இனி, நான் மறைத்ததைச் சொல்லவேண்டும்.

எடையைக் குறைக்கும் வெறி இந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லாரையும் ஒருநாள் பிடிக்கும். சமையலறைத் தராசில் போல்ட்டு நிறுத்தவர்களை எனக்குத் தெரியும், நானும் நிறுத்தேன். அத்தா வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, கார்பன் ரிம் போட்ட சக்கர ஜோடி ஒன்றை 1,450 வெள்ளிக்கு வாங்கினேன். பழையதைவிட 380 கிராம் இலேசு. நானும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்தால் 86 கிலோ. அதில் 380 கிராம் என்பது அரைச் சதவீதம்கூட இல்லை. பத்து நிமிட ஏற்றத்தில் மூன்று விநாடிக்கும் குறைவான இலாபம். சுழலும் எடை இருமடங்காகக் கணக்காகும் என்பார்கள். வேகம் எடுக்கும்போது ரிம்மின் எடைக்கு அது உண்மைதான். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது கிராம் கிராம்தான். பரோட்டாவை மூன்று மாதம் மறந்து உடம்பில் நான்கு கிலோ குறைத்தபோது அதே ஏற்றத்தில் ஏறக்குறைய அரை நிமிடம் மிச்சமாயிற்று. அதற்கு ஒரு காசும் செலவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு இவ்வளவும் தெரியாதா? தெரிந்துதான் வாங்கினேன். மனைவியிடம் அறுநூறு என்றேன்.

அதே மாதத்தில்தான் ஊரிலிருந்து அத்தா பேசியிருந்தார். கடைக்கட்டடத்தின் ஓட்டுக்கூரை உத்தரத்தோடு இறங்குகிறது, மழைக்கு முன் பிரித்துப் போட 60,000 ரூபாய் ஆகுமென்று ஆசாரி சொல்கிறார் என்றார். கடை மூடிப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. உள்ளே இன்னும் மூன்று வண்டிகள் நிற்கின்றன. “இந்த வருசம் கஷ்டம் அத்தா, அடுத்த வருசம் பார்ப்போம்” என்றேன். “சரி தம்பி, ஒண்ணும் அவசரமில்லே” என்றார்.

பந்தயத்துக்கு முந்திய ஞாயிறன்று புலாவ் உபினுக்குப் பயிற்சிக்குப் போனேன். சாங்கிப் படகுத்துறையிலிருந்து சிறு மோட்டார்ப் படகில் போகவேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்குவார்கள். கேத்தாம் கல்குவாரியைச் சுற்றியுள்ள தடத்தில் இரண்டு சுற்று வந்தேன். கியர் ஒருமுறை தயங்கியது, பொருட்படுத்தவில்லை. பந்தயத்துக்கு முந்திய இரவு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தா பின்னால் வந்து நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, இந்தக் கை உள்பக்கமா சாஞ்சிருக்கே.”

அவர் காட்டியது பின் டிரெய்லியரை, சங்கிலியைப் பல்லுக்குப் பல் தள்ளும் உறுப்பை.

“அது அப்படித்தான் அத்தா இருக்கும். இதெல்லாம் நம்ம கடை வண்டி மாதிரி இல்லே.”

அவர் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டார்.

டிரெய்லியர் நேரே சட்டத்தில் பூட்டப்படுவதில்லை. நடுவே ‘ஹேங்கர்’ என்று ஒரு சிறு அலுமினியத் தகடு இருக்கும். அடி விழுந்தால் சட்டத்துக்குப் பதிலாகத் தான் வளைந்து கொடுப்பதற்காகவே மெத்தென்று செய்தது. விலை முப்பது வெள்ளிக்குள். படகில் யாருடைய வண்டியோ மேலே சாய்ந்ததில் என்னுடையது வளைந்திருந்தது.

கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 35 கிலோமீட்டர்ப் பந்தயம். புதுச் சக்கரம் பறந்தது என்றே சொல்லவேண்டும். அது மனப்பிரமையாகவும் இருக்கலாம். 19ஆம் கிலோமீட்டரில் செம்மண் மேடு ஒன்று. எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தபடி 51 பல்லுக்குத் தட்டினேன். உட்புறம் சாய்ந்திருந்த டிரெய்லியர் அந்தப் பெரிய பல்லையும் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தது. நான் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தேன். கம்பிகள் அறுந்த ஓசை எனக்கு இப்போதும் கேட்கிறது. டிரெய்லியர் முறுக்கிக்கொண்டு மேலே தொங்கிற்று, சங்கிலி நெளிந்துவிட்டது. தோட்டத்து லாரியில் ஏற்றி என்னைக் கொண்டுவந்து விட்டவர் நம் தமிழர்தான், வழிநெடுக, “இதுக்கு இன்ஸூரன்ஸ் உண்டா அண்ணே?” என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டில் அத்தா சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, “எத்தனை கம்பி?” என்றார். ஐந்து அறுந்தது, மூன்று வளைந்தது. ‘நான்தான் சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கம்பிகளை அளந்து வெட்டி வாங்கிவரச் சொன்னார். மறுநாள் மாலை வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, புதுக்கம்பிகளைக் கோத்து, சட்டத்தோடு ஒரு சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார். ரிம்மில் சாக்குப் பட்ட இடத்தில் கோட்டம்; அந்தப் பக்கத்து நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்கினார். கம்பிகளை விரலால் சுண்டி ஓசை கேட்டார். 76 வயதுக் கை நடுங்கவில்லை.

“ரிம்மு தக்கையா இருக்கே. பிளாஸ்டிக்கா?”

“கார்பன் இழை அத்தா.”

“இது மட்டும் என்ன விலை?”

அப்போது பொய் வரவில்லை. “ஜோடி ஆயிரத்து நானூற்றைம்பது வெள்ளி” என்றேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அத்தா சக்கரத்தை இன்னொரு முறை சுழற்றினார். எத்தனை ரூபாய் என்று அவர் பெருக்கிக்கொண்டிருந்தது உதட்டசைவில் தெரிந்தது. பிறகு இன்னொரு நிப்பிளைக் கால் சுற்று இறுக்கினார். “கோட்டம் எடுக்க நம்ம கடையிலே ரெண்டு ரூபா. கொடுத்துடு” என்றார். கூரையைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, ஊருக்குப் போகும்வரையிலும் பேசவில்லை. மனைவி பேசினாள், அது இவ்விதழில் எழுதத் தக்கதன்று.

சக்கரத்தை விற்றுவிட எண்ணி விசாரித்தேன். கம்பி அறுந்த கதை தெரிந்தவர்கள் 500 வெள்ளிக்குமேல் தர மறுத்தார்கள். ஆகையால் அதிலேதான் இன்றும் ஓட்டுகிறேன். கூரைப் பணத்தை நான்கு தவணையாக அனுப்பினேன். கடைசித் தவணை 2024 ஏப்ரலில் போயிற்று. ஹேங்கரின் சாய்வை அளக்கும் நீண்ட கைக்கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி அத்தாவுக்குக் காட்டியிருந்தேன். அதைச் சக்கரத்தின் நான்கு பக்கமும் சுற்றி வைத்து அளந்து பார்த்து, தம் கண்ணளவு இரண்டு மில்லிமீட்டருக்குள் சரியாக இருந்ததில் அவருக்கு அளவற்ற பெருமை. இப்போதும் தொலைபேசியில் பேரன் பேத்திகளைப் பற்றிக் கேட்டு முடித்ததும், “கை நேரா இருக்கா?” என்று கேட்கிறார். கேட்பதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. சங்கிலியை நேற்று அளந்தேன், 0.5 சதவீதம் நீண்டுவிட்டது. இதை இப்போது மாற்றாவிட்டால் பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றவேண்டி வரும். சம்பளம் வந்ததும் வாங்கவேண்டும், 45 வெள்ளி.